சொந்தக் கையா, கராஜா? வாகனப் பராமரிப்பில் நாம் அறிந்திருக்க வேண்டியவை

வாகன இறக்குமதிக்கு 2020 மார்ச் மாதத்தில் விதிக்கப்பட்ட தடை, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி முதலாம் திகதி வரை நீடித்தது. ஏறத்தாழ ஐந்து வருட காலம் இந்நாட்டின் வீதிகளுக்குப் புதிய கார்கள் வந்து சேரவில்லை என்றே கூறலாம். தடை நீக்கப்பட்ட பின்னரும் வரிச்சுமை காரணமாக ஒரு சிறிய கார்கூட நடுத்தரக் குடும்பமொன்றின் கைக்கெட்டாத உயரத்திலேயே இருந்து வருகின்றது. ஆகவே பத்து, பதினைந்து வருடங்கள் ஓடிக் களைத்த வாகனங்களையே இன்னும் பல வருடங்களுக்கு ஓட்டியாக வேண்டிய நிலையில் பெரும்பாலான குடும்பங்கள் உள்ளன. முன்னர் ஐந்து வருடத்துக்கொரு முறை காரை மாற்றியவர்கள்கூட இன்று பழைய காரின் ஆயுளை நீடிக்கும் வழியைத் தேடுகின்றனர்.

இந்நிலையில், சேர்விஸ் வேலைகளை நாமே வீட்டில் செய்துகொண்டால் என்ன என்ற கேள்வி பலரிடமும் எழுந்துள்ளது. கைத்தொலைபேசியில் காணொளியொன்றைப் பார்த்துவிட்டு, விடுமுறை நாளில் காரின் அடியில் படுத்து எண்ணெய் மாற்ற முற்படுவோரின் தொகை கூடி வருவதை நாம் காண்கின்றோம். இது நல்லதா, கெட்டதா என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. எந்த வேலையை, எந்த வாகனத்தில், எந்த ஆயத்தத்துடன் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

முதலில், சேர்விஸ் என்ற சொல்லையே சற்று விசாரிக்க வேண்டியுள்ளது. எமது நாட்டில் சேர்விஸ் நிலையம் வேறு, கராஜ் வேறு. சேர்விஸ் நிலையத்தில் வாகனத்தை உயர்த்தி, அடிப்பாகத்தை நீர்ப் பாய்ச்சிக் கழுவி, எண்ணெயையும் பில்டரையும் மாற்றி, கிறீஸ் அடித்து, உள்ளே தூசு உறிஞ்சிப் பளபளவென்று திருப்பித் தருவார்கள். கராஜிலோ பழுதானதைத் திருத்துவார்கள். ஆனால் வாகனமொன்றின் உரிமையாளர் கைந்நூல் சேர்விஸ் என்று கூறுவது பெரும்பாலும் இவை இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்றாகும். பிறேக் பட்டைகளின் தடிப்பை அளப்பது, ஸ்டியரிங் மூட்டுகளில் தளர்வு உண்டா என்று பார்ப்பது, பிறேக் எண்ணெயின் வயதைக் கணக்கிடுவது, குழாய்களில் வெடிப்பு உள்ளதா என்று தேடுவது போன்ற பரிசோதனைகளே அதன் உயிர்நாடி. கழுவும் இடத்தில் இவற்றைச் செய்பவர் குறைவு. கராஜிலோ, பழுது என்று நாம் சொல்லிச் சென்றதை மாத்திரமே பார்ப்பார்கள். ஆகவே ஒழுங்காகச் சேர்விஸ் செய்யப்படுவதாக உரிமையாளர் நம்பிக்கொண்டிருக்கும் வாகனமொன்றை, உண்மையில் எவருமே பரிசோதிக்காத நிலை தோன்றிவிடுகின்றது.

அந்தக் கைந்நூலும் எம்மில் அநேகருக்குப் பயன்படுவதில்லை. ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு கொண்டுவரப்பட்ட கார்களின் கைந்நூல் ஜப்பானிய மொழியிலேயே இருக்கும். காருக்குள் ஒட்டப்பட்டிருக்கும் எச்சரிக்கைகளும் அவ்வாறே. பல இலட்சம் ரூபா கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றி அதனைச் செய்தவர் எழுதி வைத்த ஒரு வரியைக்கூட வாசிக்க முடியாதவர்களாகவே நாம் அதனை ஓட்டித் திரிகின்றோம். எனினும் அதே மாதிரிக் காரின் ஆங்கிலக் கைந்நூல்களை இன்று இணையத்தில் தேடிப் பெறலாம். என்ஜின் இலக்கம் ஒத்துப்போகின்றதா என்று பார்த்து அதனைச் சேமித்து வைத்துக்கொள்வது, ஸ்பானர் ஒன்றை வாங்குவதற்கு முன்னர் செய்ய வேண்டிய காரியமாகும்.

சொந்தக் கையால் பராமரிப்பது இலாபகரமானது என்ற எண்ணம் பெருமளவில் மேற்கு நாடுகளிலிருந்து வந்ததாகும். பிரித்தானியாவில் ஜோன் ஹெய்ன்ஸ் என்பவர் 1966 இல் கார் உரிமையாளருக்கான தமது முதலாவது திருத்தற் கைந்நூலை வெளியிட்டார். காரைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தே எழுதப்பட்ட அந்த நூல் வரிசை, அங்கு ஒரு தலைமுறையையே தமது வீட்டு முற்றத்தில் ஸ்பானருடன் நிறுத்தியது. அதற்கொரு பொருளாதாரக் காரணம் இருந்தது. அந்நாடுகளில் மெக்கானிக் ஒருவரின் ஒரு மணித்தியாலக் கூலி, சில லீற்றர் எண்ணெயினதும் பில்டரினதும் விலையைப் பார்க்கிலும் அதிகமாகும். கூலியை மிச்சம் பிடித்தாலே செலவில் பெரும்பகுதி மிஞ்சிவிடும்.

இலங்கையில் கணக்கு தலைகீழானது. இங்கு கூலி குறைவு, பொருளின் விலையோ அதிகம். என்ஜின் எண்ணெய், பில்டர், பிறேக் பட்டை, பற்றரி ஆகியவற்றில் பெரும்பகுதி டொலர் கொடுத்து இறக்குமதி செய்யப்படுபவை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி இரண்டு மாதங்களுக்குள் 360 ரூபாவளவுக்குச் சென்றபோது, உதிரிப்பாகங்களின் விலையும் சேர்ந்தே ஏறியது. டொலர் பின்னர் சற்று இறங்கியபோதிலும் கடை விலைகள் அதே வேகத்தில் இறங்கவில்லை என்பதை வாகனம் வைத்திருப்போர் அறிவர். இன்றைய சேர்விஸ் பற்றுச்சீட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். எண்ணெயும் பில்டரும் பெருந்தொகையாகவும், அவற்றை மாற்றிய தொழிலாளியின் கூலி சிறுதொகையாகவும் இருக்கக் காண்பீர்கள். அந்தச் சிறுதொகையை மிச்சம் பிடிப்பதற்காக ஜக், தாங்கிகள், ஸ்பானர் தொகுதி, எண்ணெய் வடிக்கும் பாத்திரம் என்று வாங்கினால், போட்ட முதல் திரும்பி வரப் பல வருடங்கள் செல்லும்.

அப்படியாயின் காரின் மூடியைத் திறக்காமலே இருந்துவிடலாமா? கூடாது என்பதே எமது கருத்து. எமது நாட்டில் பணம் விரயமாவது கூலியில் அன்று. மாற்றத் தேவையில்லாத பொருளை மாற்றுவதிலும், மாற்ற வேண்டியதை மாற்றாது விட்டுப் பெரிய பழுதை வரவழைப்பதிலும், அசல் என்று போலியை வாங்குவதிலுமே விரயமாகின்றது. இம்மூன்றையும் தடுப்பதற்குத் தன் வாகனத்தைப் பற்றிய அறிவே உரிமையாளருக்கு வேண்டும். வெளியில் நின்று பார்ப்பவருக்கு அந்த அறிவு கிட்டாது. கையில் சிறிது கரி பட்டால்தான் கிட்டும்.

இதனை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. 1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்ட பின்னர் வடக்குக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. அக்காலத்தில் குடாநாட்டின் ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பொன்போல் பேணிய பெற்றோலில் சில துளிகளைக் கார்பரேற்றருக்குள் விட்டு என்ஜினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் இலகுவில் ஆவியாவதில்லை என்பதனாலேயே இந்த ஏற்பாடு தேவைப்பட்டது. அந்தப் பழைய பிரித்தானிய என்ஜின்கள் எரிபொருளை அதிகம் நெருக்காத, சுருக்க விகிதம் குறைந்த என்ஜின்களாக இருந்தமையால் இது சாத்தியமாயிற்று. இன்றைய என்ஜின் ஒன்றில் இதனைச் செய்ய முடியாது.

அதற்கும் ஒரு விலை இருந்தது. முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி என்ஜின் எண்ணெயுடன் கலந்து அதனை நீர்த்துப் போகச் செய்யும். எண்ணெய் நீர்த்தால் உலோகத்துடன் உலோகம் உராயும். ஆகவே அளவுகோலை அடிக்கடி இழுத்துப் பார்த்து, விரல்களுக்கிடையில் எண்ணெயைத் தேய்த்து அதன் பிசுபிசுப்பை உணர்ந்து, மாற்ற வேண்டிய வேளையை அறிந்து வைத்திருந்தார்கள் அக்காலச் சாரதிகள். அவர்களுள் அநேகர் தொழில்நுட்பக் கல்லூரிப் பக்கம் சென்றவர்களல்லர். எனினும் தம் காரின் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர்களிடம் ஒரு பெயர் இருந்தது. பாதை திறந்து ஜப்பானியக் கார்கள் வந்து சேர்ந்தபோது அந்த அறிவு பழைய கார்களுடன் ஓரமாகிவிட்டது. காரின் மூடியைத் திறந்தால் கறுப்புப் பிளாஸ்டிக் உறையொன்றே தெரிகின்ற இக்காலத்தில், உள்ளே கைவைக்க எவருக்கும் துணிவு வருவதில்லை.

ஆயினும் அந்தப் பிளாஸ்டிக் உறைக்கு அருகிலேயே, உரிமையாளர் எவரும் செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. வாரத்துக்கொரு முறை காலையில் என்ஜினை இயக்கும் முன்னர் எண்ணெயின் மட்டத்தைப் பார்ப்பது அவற்றுள் முதன்மையானது. அளவுகோலில் இரு குறிகள் இருக்கும். எண்ணெய் அவ்விரண்டுக்கும் இடையில் நிற்க வேண்டும். கீழ்க்குறிக்கும் கீழே சென்றுவிட்டால் என்ஜினுக்கு ஆபத்து. மேற்குறிக்கு மேலே ஊற்றினாலும் ஆபத்துத்தான். சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை உலோகத்தைக் காக்காது.

அடுத்தது குளிர்விக்கும் நீர். என்ஜின் சூடாக இருக்கையில் றேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் நீர் முகத்தில் பாய்ந்து கண்ணைப் பறித்துவிடக்கூடும். குளிர்ந்த பின்னர் பார்க்கும்போது மட்டம் குறைந்திருந்தால், எம்மவர் வழமையாகச் செய்வது கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஊற்றுவதாகும். யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் ஆகிய சுண்ணாம்புப் பாறைப் பிரதேசங்களில் இது பெருந்தவறு. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் என்ஜினின் உட்சுவர்களிலும் படிந்து, வெப்பம் வெளியேறும் வழியை அடைத்துவிடும். துருவைத் தடுக்கும் இரசாயனமும் கிணற்று நீரில் கிடையாது. உரிய கூலன்டை ஒரு போத்தல் வீட்டில் வைத்திருக்கும் செலவு, வெடித்த என்ஜின் தலையைத் திருத்தும் செலவுடன் ஒப்பிடுகையில் ஒன்றுமேயில்லை.

டயரின் காற்றழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது சாரதியின் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2319 என்றிருந்தால் அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் உற்பத்தியானது என்று பொருள். தேயாமல் புதிதுபோல் தோன்றும் டயர் எத்தனை வருடம் வெயிலில் காய்ந்தது என்பதை அந்த நான்கு இலக்கங்களே காட்டிக்கொடுக்கும். பாவித்த டயர் வாங்குவோர் விலை பேசுவதற்கு முன்னர் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அதுவாகும். காற்று பில்டரையும், குளிரூட்டிக்குரிய பில்டரையும் மாற்றுவதற்குப் பெரும்பாலான சிறு கார்களில் கருவியெதுவும் தேவையில்லை. இரண்டாவது பில்டர் அநேகமாக முன்னாலுள்ள சிறு பெட்டிக்குப் பின்னால், தூசும் சருகும் நிறைந்தபடி மறைந்திருக்கும்.

எண்ணெய் மாற்றுவது இவற்றிலும் ஒரு படி மேலானது. அதனைச் சற்று விரிவாகப் பார்ப்பது பொருத்தமாகும். என்ஜின் இளஞ்சூடாக இருக்கையில் அடியிலுள்ள வடிபோல்ட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடியவிட்டு, பில்டரை மாற்றி, போல்ட்டைப் புதிய வளையத்துடன் பூட்டி, உரிய அளவு புதிய எண்ணெயை ஊற்றுவதே வேலை. கேட்பதற்கு இலகுவாகத்தான் இருக்கின்றது. தவறுகள் நேர்வதும் அந்த இலகுவான இடங்களிலேயேயாகும். பல கார்களில் எண்ணெய்த் தொட்டி அலுமினியத்தால் ஆனது. வடிபோல்ட்டை இறுக்க ஜப்பானியச் சிறு கார்கள் பலவற்றுக்கு 35 முதல் 40 நியூற்றன் மீற்றர் விசை போதுமானது. அதாவது சாதாரண ஸ்பானரால் ஒரு கையால் இறுக்கும் அளவு. பலம் முழுவதையும் காட்டினால் அலுமினியப் புரி உரிந்துவிடும், அதன் பின்னர் தொட்டியையே மாற்ற வேண்டி வரலாம். பில்டரைக் கையால் மாத்திரமே இறுக்க வேண்டும். அதன் இறப்பர் வளையம் தொட்ட பின்னர் முக்கால் சுற்று என்பது பொதுவான விதி. பழைய பில்டரின் இறப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதைக் கவனியாமல் அதன்மேல் புதியதைப் பூட்டினால், ஓடும்போது எண்ணெய் முழுவதும் சில நிமிடங்களில் வெளியேறிவிடக்கூடும்.

எண்ணெயின் தரம் பற்றியும் ஒரு வார்த்தை. எமது வெயிலுக்குத் தடித்த எண்ணெய்தான் நல்லது என்று சொல்லி எந்தக் காருக்கும் ஒரே பீப்பாவிலிருந்து ஊற்றும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கின்றது. பழைய என்ஜின்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்றைய என்ஜின்களின் நுண்ணிய எண்ணெய் வழிகளும், எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் வால்வுப் பொறிமுறையும் 0 டபிள்யூ 20 போன்ற மெல்லிய எண்ணெயை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டுள்ளன. கைந்நூலில் உள்ள இலக்கத்தையே கேட்டு வாங்க வேண்டும். அதைவிடக் கவனம் தேவைப்படுவது கியர்ப் பெட்டி. படியில்லாக் கியர் முறை கொண்ட கார்களுக்குச் சாதாரண தன்னியக்கக் கியர் எண்ணெயை ஊற்றினால் அப்பெட்டியே பாழாகிவிடும். அதனைச் செய்விப்பவர், தமது கண்முன்னே போத்தலின் முத்திரையை உடைக்கும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, வீட்டில் செய்யக்கூடாதவற்றுக்கு வருவோம். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் நுழைவது உயிருடன் விளையாடுவதாகும். ஜக் என்பது உயர்த்துவதற்கு மாத்திரமே, தாங்குவதற்கல்ல. தாங்குவதற்கு இரும்புத் தாங்கிகள் இருக்கின்றன. சீமெந்துக் கல்லை முட்டுக்கொடுக்கும் பழக்கம் அதனிலும் கொடியது. அந்தக் கல் பாரம் தாங்கி நிற்பதுபோல் நின்று, முன்னறிவித்தல் எதுவுமின்றி நொறுங்கும். மணல் தரையிலும் சாய்வான முற்றத்திலும் தாங்கிகள்கூடப் பாதுகாப்பு அளிக்கமாட்டா. கொங்கிறீற் தளம் இல்லாத வீடுகளில் காரின் அடியில் செய்யும் எந்த வேலையும் வேண்டாம் என்பதே எமது அபிப்பிராயம்.

ஹைபிரிட் கார்களின் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே கூடாது. பிரியஸ் காரின் மூன்றாம் தலைமுறையில் பெரிய பற்றரியின் அழுத்தம் சுமார் 200 வோல்ற், அது இன்வேர்ட்டரில் 650 வோல்ற் வரை உயர்த்தப்படுகின்றது. வீட்டு மின்சாரமோ 230 வோல்ற். எயார்பேக் தொடர்பான எதிலும் அவ்வாறே கைவைக்கலாகாது. அதேவேளை, ஹைபிரிட் உரிமையாளர் செய்ய வேண்டிய மிக முக்கியமான வேலையொன்று ஆபத்தற்றதாகவும் இருக்கின்றது. பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் காற்று பல மாதிரிகளில் பின்னிருக்கைக்கு அருகிலுள்ள துவாரமொன்றினூடாகவே உள்ளே இழுக்கப்படுகின்றது. அதனைப் பையாலோ துணியாலோ மறைக்காதிருப்பதும், அங்குள்ள தூசைக் காலத்துக்குக் காலம் அகற்றுவிப்பதும், பல இலட்சம் ரூபா பெறுமதியான பற்றரியின் ஆயுளை நீடிக்கும். பாடசாலைப் பைகள் குவிந்து கிடக்கும் பின்னிருக்கைகளைக் காணும்போதெல்லாம் அந்தத் துவாரமே எமது நினைவுக்கு வருகின்றது.

பிறேக் பற்றித் தனியாகவே பேச வேண்டும். பஸ், லொறி போன்ற வாகனங்களுக்குத் தகுதிச் சான்றிதழ் நடைமுறை உண்டு. தனியார் கார்களுக்கோ, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் பெறுவதற்கு 2008 இல் ஆரம்பிக்கப்பட்ட புகைப் பரிசோதனையே வழமையான பரிசோதனையாக இருந்து வந்துள்ளது. புகையைப் பார்க்கும் அந்த இயந்திரம் பிறேக்கைப் பார்ப்பதில்லை. ஆகவே சான்றிதழ் கிடைத்துவிட்டது, வாகனம் நன்றாக இருக்கின்றது என்று எண்ணுவது முற்றிலும் தவறான முடிவாகும்.

பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 எனப்படும் வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் கலந்த பின்னர் அந்த எல்லை 140 பாகையளவுக்கு இறங்கிவிடலாம். ஏப்ரல் விடுமுறையிலோ பெருநாள் விடுமுறையிலோ குடும்பத்துடன் நுவரெலியா செல்வோர், 1,868 மீற்றர் உயரத்திலிருந்து றம்பொடை வழியாகக் கீழிறங்கும்போது பிறேக்கை மிதித்தபடியே வருவர். பட்டைகள் சூடேறும். அந்தச் சூடு எண்ணெய்க்குச் செல்லும். எண்ணெயில் கலந்துள்ள ஈரம் கொதித்து நீராவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியையோ அழுத்தலாம். மிதி தரைவரை செல்லும், ஆனால் கார் நிற்காது. அதுவரை அந்தப் பிறேக் கொழும்பு வீதிகளில் எக்குறையுமின்றி வேலை செய்திருக்கும் என்பதே இதிலுள்ள பயங்கரம். இரண்டு வருடங்களுக்கு ஒரு முறை பிறேக் எண்ணெயை மாற்றுவதும், இறக்கத்தில் குறைந்த கியரில் வருவதும் இதற்கு மருந்தாகும். பிரியஸ், அக்குவா போன்ற கார்களில் கியர்ப் பிடியில் உள்ள பி என்ற நிலை இதற்காகவே அமைக்கப்பட்டது. எண்ணெய் மாற்றும்போது குழாய்க்குள் காற்றுப் புகாமல் வெளியேற்றத் தெரிந்தவரே அதனைச் செய்ய வேண்டும். கராஜுக்குக் கொடுக்கும் பணத்தில் இதற்குக் கொடுப்பதுபோல் பெறுமதியானது வேறில்லை.

ஆக, கராஜ் தவிர்க்க முடியாதது. நல்ல கராஜை எவ்வாறு கண்டுகொள்வது? சிங்களத்திலும் எமது பேச்சு வழக்கிலும் கைவினைஞரை பாஸ் என்று அழைக்கின்றோம். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. அவர்களது மொழியில் எசமான் என்று பொருள். அந்த எசமானிடம் கேள்வி கேட்கத் தயங்குவதே எம்மவர் வழக்கமாகிவிட்டது. கழற்றிய பழைய பாகத்தைக் காட்டும்படி கேட்பது, புதியதன் பெட்டியைப் பெற்றுக்கொள்வது, பாகத்தின் விலையும் கூலியும் வெவ்வேறாக எழுதப்பட்ட பற்றுச்சீட்டைக் கோருவது ஆகிய மூன்றுக்கும் சினங்கொள்ளாத கராஜ் நல்ல கராஜ் எனலாம். பற்றுச்சீட்டு மறுக்கப்பட்டாலோ ஏமாற்றப்பட்டதாகக் கருதினாலோ, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பெண்கள் வாகனத்தைக் கொண்டு செல்லும்போது தேவையற்ற வேலைகளைத் தலையில் கட்டிவிடுகின்றார்கள் என்ற விசனத்தை நாம் அடிக்கடி செவிமடுக்கின்றோம். எண்ணெய் அளவுகோலைத் தானே இழுத்துப் பார்த்துவிட்டு வரும் ஒருவரிடம், அவர் ஆணாயினும் பெண்ணாயினும், அவ்வாறு செய்வது அவ்வளவு இலகுவல்ல.

கணினியைப் பூட்டிப் பழுதைக் கண்டுபிடிக்கும் முறையிலும் ஒரு மயக்கம் நிலவுகின்றது. திரையில் தோன்றும் குறியீடு நோயின் பெயரன்று, நோயின் அறிகுறியேயாகும். ஒட்சிசன் உணரியின் அளவு பிழை என்று காட்டினால், உணரி பழுதாகியிருக்கலாம், அல்லது எங்கோ ஒரு குழாயில் காற்றுக் கசியலாம். குறியீட்டைப் பார்த்த மாத்திரத்தில் பஞ்சிகாவத்தைக்கு ஆளனுப்பி உணரியை வாங்குவிக்கும் திருத்துநர் சோதித்தறியவில்லை, ஊகிக்கின்றார். அவரது ஊகத்துக்கான விலையை நாம் செலுத்துகின்றோம்.

திருத்துநரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. மலிவான பாகத்தை வாடிக்கையாளரே வாங்கிவந்து கொடுத்துவிட்டு, அது பழுதானதும் பூட்டியவரைக் குற்றஞ்சாட்டுவதும், கடனுக்கு வேலை செய்வித்து மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும் சாதாரணமாக நடப்பவை. 2022 நெருக்கடியைத் தொடர்ந்து கைதேர்ந்த பலர் மத்திய கிழக்குக்கும் பிற நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். எஞ்சியோரிடம் பழைய பழக்கமும் புதிய வாகனமும் மோதுகின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்றவை வாகனத் தொழில்நுட்பத்தைத் தமிழ் பேசும் இளைஞருக்கு அண்மையில் கொண்டுவந்துள்ளன. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்ற ஒருவர் கராஜில் இருக்கின்றாரா என்று கேட்கும் வழக்கம் எம்மிடம் வந்தால், அங்கு பிள்ளைகளை அனுப்பும் ஆர்வம் பெற்றோரிடமும் வரும்.

இறுதியாக, வீட்டில் எண்ணெய் மாற்றத் துணிந்தவரிடம் எஞ்சும் ஒரு பொருளைப் பற்றிப் பேசாதிருக்க முடியாது. மூன்று அல்லது நான்கு லீற்றர் கறுத்த எண்ணெயை என்ன செய்வது? கறையான் அரிக்காதிருக்க வேலிக் கம்பங்களுக்குப் பூசுவதும், நுளம்புக்கென்று கானில் ஊற்றுவதும், வளவின் மூலையில் குழிதோண்டி விடுவதும் எமது ஊர்களில் சகஜமாகக் காணப்படுபவை. ஒரு தடவை மாற்றப்படும் எண்ணெய் பத்து இலட்சம் கலன் நன்னீரை மாசுபடுத்தக்கூடும் என்கின்றது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீரே கிணறுகளில் ஊறுகின்றது. காத்தான்குடி, கல்முனை முதலான கிழக்குக் கரையோர ஊர்களிலோ நீர் மணலுக்குக் கீழே சில அடி ஆழத்திலேயே இருக்கின்றது. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் வருடக்கணக்கில் நீடித்து, 2019 ஏப்ரல் மாதத்தில் உயர் நீதிமன்றம் தனியார் நிறுவனமொன்றை 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி பணிக்கும்வரை சென்றது. வீட்டு வளவில் ஊற்றப்படும் எண்ணெய்க்கு வழக்காளியும் இல்லை, எதிராளியும் இல்லை. அது செல்லும் கிணறு பெரும்பாலும் ஊற்றியவருடையதே.

பழைய எண்ணெய்க்கு விலை உண்டு. சேர்விஸ் நிலையங்கள் அதனைச் சேகரித்து வாங்குவோருக்குக் கொடுக்கின்றன. நாமே மாற்றிய எண்ணெயைப் புதிய எண்ணெய் வந்த அதே கலனில் ஊற்றி, மூடியை இறுக்கி, அங்கு கொண்டுசென்று ஒப்படைக்கலாம். நீரோ பெற்றோலோ அதில் கலந்துவிடக்கூடாது. கலந்தால் வாங்கமாட்டார்கள். கையுறையின்றி அதனைத் தொடுவதையும் தவிர்க்க வேண்டும், பாவித்த எண்ணெய் தோலில் நெடுங்காலம் படுவது புற்றுநோய் அபாயம் உடையது. கலனை டிக்கியில் பழைய துணிகளுக்கிடையில் நிமிர்த்தி வைத்து எடுத்துச் செல்லுங்கள். சரிந்து கொட்டிய கறுத்த எண்ணெயின் மணம் காரை விட்டுப் போக மாதங்கள் செல்லும்.